டாப் டான்ஸ் பாக்குறதா, கேக்குறதா? சேவியன் க்ளோவர் பத்தி பேசலாம் வாங்க

கதிர்_மடிப்பாக்கம்:
ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டே இருந்தது. என் பையனுக்கு அந்த பெங்குவின் படம் ஹாப்பி ஃபீட்னா உசுரு, 2006ல வந்துச்சே, பாட்டு வராத ஒரு குட்டி பெங்குவின் காலாலயே தட்டித் தட்டி ஆடுமே அதுதான். எங்க வீட்டுல அது ஓடாத வாரமே கெடையாது. போன மாசம்தான் தெரிஞ்சுது அந்த பெங்குவினோட கால் நெஜத்துல ஒரு மனுஷனோட காலுன்னு. உடம்பு பூரா மார்க்கர் ஒட்டிக்கிட்டு ஒருத்தர் ஆடியிருக்காரு, அந்த அசைவ கம்ப்யூட்டர்ல புடிச்சு பெங்குவினுக்குக் குடுத்திருக்காங்க. அவர்தான் சேவியன் க்ளோவர்.

அன்னிக்கு ராத்திரியே தேட ஆரம்பிச்சவன் இன்னும் நிறுத்தல. 1973ல அமெரிக்கால நியூ ஜெர்சி, நூவார்க் நகரத்துல பொறந்தவரு. அம்மா பாடகி. நாலஞ்சு வயசுலயே ட்ரம்ஸ் கத்துக்கிட்டு, ஏழு வயசுல டாப் கிளாஸுக்குப் போறாரு (அடில உலோகத் தகடு வச்ச ஷூவால தரையத் தட்டித் தட்டி தாளம் போடுற ஆட்டம்), டாப் ஷூ வாங்க காசில்லாம கௌபாய் பூட்ஸ் போட்டுத்தான் மொதல்ல பழகினாராம். 1984ல, பத்து வயசுல நியூ யார்க்கோட பெரிய நாடக மேடையான பிராட்வேல ஏறிட்டாரு. 15 வயசுல பிளாக் அண்ட் ப்ளூன்னு ஒரு ஷோவுக்கு டோனி விருது (பிராட்வேக்கு ஆஸ்கார் மாதிரி) நாமினேஷன். 1992ல ஜெல்லீஸ் லாஸ்ட் ஜாம்ங்கற ஷோல பெரிய டாப் கலைஞர் கிரெகரி ஹைன்ஸ் கூட. அப்புறம் 1995ல அவரே நடனம் அமைச்ச ஷோ, பிரிங் இன் த நாய்ஸ் பிரிங் இன் த ஃபங்க், அடுத்த வருஷம் பிராட்வேக்குப் போயி 1999 வரைக்கும் 1135 தடவ ஓடியிருக்கு, நடன அமைப்புக்கு டோனி அவருக்கு. அப்ப அவருக்கு 22 வயசு!

ஆனா நான் இழை ஆரம்பிச்சது விருதுக்காக இல்ல. இவர் ஜாஸ் பேண்டோட ஆடுற வீடியோ சிலது பாத்தேன். நடுவுல ஒரு மரப்பலக மேடை, சுத்தி பியானோ, பாஸ், ட்ரம்ஸ், சாக்ஸபோன், அவ்ளோதான். இன்ன ஸ்டெப் ஆடணும்னு முன்கூட்டியே எதுவும் கெடையாது, அவங்க வாசிக்க இவரு காலால பதில் சொல்ல, இவரு எதையோ தட்ட அதை ட்ரம்மர் புடிச்சிக்க... கண்ண மூடிட்டுக் கேட்டா ரெண்டு ட்ரம்மர் மாதிரி இருக்கு. இது டான்ஸா வாசிப்பா? இங்க விஷயம் தெரிஞ்சவங்க இருப்பீங்க, சொல்லுங்க.

ரமேஷ்_பொள்ளாச்சி:
கதிர், நீங்க சொன்னதுக்காக ரெண்டு மூணு பாத்தனுங்க. மனசுல பட்டத சொல்லிடறேன், தப்பா எடுத்துக்க வேண்டாம். எனக்குப் புடிக்கல. ஃப்ரெட் அஸ்டேர், ஜீன் கெல்லி எல்லாம் பாத்து வளந்தவன் நான், அப்பா பழைய இங்கிலீஷ் படம்னா உடமாட்டாரு. அவங்க ஆடுனா காத்துல மெதக்கற மாதிரி இருக்கும், மொகத்துல ஒரு சந்தோசம் இருக்கும். இவரு தலைய தொங்கப் போட்டுட்டு தரையவே பாக்கறாரு, பாதி நேரம் நமக்கு முதுகக் காட்டிட்டு பேண்ட் பக்கம் திரும்பி நிக்கறாரு. காசு குடுத்து உக்காந்திருக்கவன ஒரு பார்வ பாக்க வேண்டாமா? இன்னொண்ணு, இது அப்பப்ப தோணுறத ஆடறதுன்னு சொல்றீங்களே, முன்னாடியே ப்ராக்டீஸ் பண்ணிட்டு வந்து இப்பத்தான் தோணுச்சுன்னு சொன்னா நமக்கு எப்படிங்க தெரியும்?

வலந்தலை_மணி:
ரமேஷ் கேட்ட ரெண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்றேன், மிருதங்கம் 20 வருஷமா வாசிக்கிறவன்ங்கிற முறைல. டாப் எனக்குப் புதுசு, ஆனா இந்தக் கேள்வி எனக்குப் பழசு, தனி ஆவர்த்தனம் (கச்சேரில தாள வாத்தியம் மட்டும் தனியா வாசிக்கற எடம்) முடிஞ்சதும் யாராவது ஒருத்தர் வந்து இத கேட்டுட்டுத்தான் போவாங்க.

ஜாஸ்ல நெறைய பாட்டு 32 பார் கணக்கு. எட்டு எட்டா நாலு பகுதி, மொதல் ரெண்டும் ஒரே மெட்டு, மூணாவது வேற, நாலாவது திரும்பவும் மொத மெட்டு. ஒரு பாருக்கு நாலு அடி, ஆக ஒரு சுத்துக்கு 128 அடி. இந்தச் சுத்து எங்கயும் நிக்காது, யாரு சோலோ பண்ணினாலும் அடில அது ஓடிக்கிட்டே இருக்கும். சட்டம் முன்கூட்டியே முடிவானது, உள்ள என்ன வரையறதுங்கறது மட்டும் அந்த நிமிஷத்துது. நமக்கு தாளம் மாதிரி.

அப்புறம் சொற்கள். நம்மகிட்ட தகதிமி, தகிட, மோரா, கோர்வைன்னு கையில ஊறிப் போன சொல்லுங்க இருக்கு, அத யாரும் மேடைல கண்டுபுடிக்கிறதில்ல. அங்கயும் அப்படித்தான். ஷஃபிள்னா கால் முன்னாடி ஒரு தேய்ப்பு பின்னாடி ஒரு தேய்ப்பு, ரெண்டு சத்தம். க்ராம்ப் ரோல்னா ரெண்டு முன்பாதம் அப்புறம் ரெண்டு குதிகால், நாலு சத்தம். பேடில் அண்ட் ரோல்னு ஒண்ணு, குதிகாலக் குத்தி, முன்பாதத்த பின்னாடி இழுத்து, முன்பாதத்த வச்சு, குதிகால இறக்கணும், அது அப்படியே தகதிமி! வேகமா ரெண்டு காலும் மாறி மாறி வந்தா ஓடற தண்ணி மாதிரி கேக்கும். இந்த பேடில் அண்ட் ரோல்ல பேர் போனவரு லான் சேனின்னு ஒருத்தர் (அந்தப் பழைய பேய்ப்பட நடிகர் இல்ல, பேர் மட்டும் ஒண்ணு), சேவியனுக்கு சின்ன வயசுல இவரெல்லாம்தான் கண் தெறந்து விட்டவங்க.

ஷூல முன்னாடி ஒரு உலோகத் தகடு, குதிகால்ல ஒரு தகடு. குதிகால் எறங்கினா கனமான சத்தம், அது நம்ம மிருதங்கத்தோட இடது பக்கம், தொப்பி. முன்பாதம் கூர்மை, அது வலது பக்கம், வலந்தலை. தகட்டோட ஓரம், ஷூவோட பக்கவாட்டு, தேய்ப்பு, இழுப்புன்னு மீதி நாதமெல்லாம் அதுல இருந்து எடுக்கறாங்க. தகட்டுத் திருகைக் கொஞ்சம் தளர்த்தினா கலகலன்னு ஒரு சத்தம் சேரும், இறுக்கினா சுத்தமா வெட்டு வெட்டா கேக்கும்.

நாலு பார் ட்ரம்மர், நாலு பார் டான்ஸர்னு மாத்தி மாத்திப் போறத ட்ரேடிங் ஃபோர்ஸ்ங்கறாங்க. நாலு பார்னா 16 அடி, ஆதி தாளத்துல ரெண்டு ஆவர்த்தனம். தனில மிருதங்கமும் கஞ்சிராவும் கொறைப்புல, அதாவது அளவக் கொறச்சுக்கிட்டே, மாறி மாறி வர்றத கேட்டவங்களுக்கு இது சட்டுனு புடிபடும். இப்ப ரமேஷுக்குப் பதில்: ட்ரம்மர் கடைசி ரெண்டு அடில ஒரு புது விஷயத்த வுட்டுட்டுப் போனாருன்னா, அடுத்த அடில அதையே இவர் கால் எடுத்துப் பேசுதான்னு பாருங்க. அத வீட்டுல ப்ராக்டீஸ் பண்ணிட்டு வர முடியாது. அங்கதான் மாட்டிக்கும்.

நியூஜெர்சி_நந்தினி:
மணி சார் அருமையா சொன்னீங்க. நான் நூவார்க்குக்கு பக்கத்துலதான் இருக்கேன். நியூ யார்க்ல ஒரு சின்ன ஜாஸ் கிளப்ல டாப் ஜாம், அதாவது வந்தவங்க ஒவ்வொருத்தரா எழுந்து பேண்டோட ஆடற கூட்டம், நடக்கும்னு ஆஃபீஸ் தோழி கூட்டிட்டுப் போனா, பல வருஷம் ஆச்சு, ஆடினவங்க யாரும் பெரிய பேரு இல்ல. ரொம்ப சின்ன எடம், என் டேபிளுக்கும் அந்தப் பலகைக்கும் ஆறடிகூட இருக்காது.

ஒரு வயசான அம்மா எழுந்து போனாங்க, அறுபது தாண்டியிருக்கும். பியானோகாரர்கிட்ட பாட்டு பேர் சொன்னாங்க, விரல சொடுக்கி வேகத்தக் காமிச்சாங்க, அவ்ளோதான் ரிகர்சல். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பலகையோட நாலு மூலைலயும் குதிகாலால ஒரு தட்டு தட்டிப் பாத்தாங்க. எனக்கு அப்ப புரியல. அப்புறம் கேட்டப்போ சொன்னாங்க, பலகைல ஒவ்வொரு எடமும் ஒவ்வொரு சுருதி, அடில சட்டம் இருக்கற எடத்துல இறுக்கமா கேக்கும், வெறும் எடத்துல கும்முனு கேக்கும், அத மொதல்ல தெரிஞ்சிக்கணும்னு. ஆட ஆரம்பிச்சப்புறம் அந்தக் கும்முனு கேக்குற எடத்துக்கு பாஸ் வாசிக்கிறப்ப மட்டும் போனாங்க!! எனக்கு இப்ப நெனச்சாலும் சிலிர்க்குது.

நடுவுல ஒரு எட்டு பார் அவங்க காலே அசைக்கல. சும்மா நின்னு பியானோவக் கேட்டாங்க. நான் மறந்துட்டாங்க போலன்னு பதறிட்டேன், அப்புறம் பாத்தா ஒரே ஒரு தட்டு, பியானோ மூச்சு விட்ட அந்த இடைவெளில. கிளப்பே ஆஹான்னு கத்துச்சு. அன்னிலேருந்து நான் டாப்ப "பாக்க" போறேன்னு சொல்றதில்ல.

சேவியனோட கச்சேரிகள்லயும் இதுதான் ரமேஷ். அவரு முதுகக் காட்டறாருன்னீங்க, பேண்ட்ல இருக்கற சாக்ஸபோன்காரரும் ட்ரம்மரப் பாக்கத் திரும்புவாரு, அத நாம யாரும் தப்பா எடுத்துக்கறதில்லையே. இம்ப்ரூவோகிராஃபின்னு ஒரு சொல் இருக்கு, கிரெகரி ஹைன்ஸ் உண்டாக்கினது, அப்பவே மனசுல தோணுறத அப்பவே நடனமா அமைக்கறதுங்கற அர்த்தத்துல. சேவியன் அந்தப் பேர்லயே நியூ யார்க் ஜாய்ஸ் தியேட்டர்ல ஜாஸ் பேண்டோட ஷோ பண்ணியிருக்காரு. 2005ல அதே ஜாய்ஸ்ல கிளாசிக்கல் சேவியன்னு, வயலின், செல்லோ வாசிக்கிறவங்கள வச்சுக்கிட்டு விவால்டி, பாஹ் மாதிரி மேற்கத்திய கிளாசிக்கல் மேதைங்க இசைக்கெல்லாம் ஆடினாரு. எழுதி வச்ச இசை, அதுல ஒரு ஸ்வரத்த மாத்த முடியாது, ஆனா அந்த இசை விட்டு வச்ச சந்துல எல்லாம் இவர் கால் புகுந்து வரும்.

பழையபேப்பர்:
ரமேஷ் கேட்ட மொத கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, ஏன் சிரிக்கலன்னு. அதுக்கு நான் வர்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க, இது எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம்.

1739ல தெற்கு கரோலினால ஸ்டோனோங்கற எடத்துல அடிமைகள் கிளர்ச்சி பண்ணாங்க, முரசு கொட்டி ஆளத் திரட்டிக்கிட்டே போனாங்க. அடுத்த வருஷமே சட்டம் போட்டு முரசு வச்சிருக்கறதையே தடை பண்ணிட்டாங்க. தோல் கருவிய புடுங்கிட்டா தாளம் எங்க போகும், கைதட்டலுக்கும் தொடைல அடிக்கறதுக்கும் தரைல மிதிக்கறதுக்கும் போச்சு. அப்புறம் 1840கள்ல நியூ யார்க்ல ஃபைவ் பாயிண்ட்ஸ்னு ஒரு சேரிப் பகுதி, ஐரிஷ்காரங்களும் கறுப்பின மக்களும் ஒண்ணா நெருக்கியடிச்சு இருந்த எடம், ஐரிஷ்காரங்களோட ஜிக்ங்கற நாட்டுப்புற ஆட்டமும் ஆப்பிரிக்கத் தாளமும் அங்க கலந்துச்சு. மாஸ்டர் ஜூபான்னு பேர் வாங்கின வில்லியம் ஹென்றி லேன்ங்கற கறுப்பின டான்ஸர் அந்தக் காலத்து ஆளு.

அங்கேருந்து வாடவில்ங்கற பல்சுவை நிகழ்ச்சி மேடைகளுக்கும் ஹாலிவுட்டுக்கும் வர்றப்போ கறுப்பு டான்ஸர்னா பல்ல காட்டிக்கிட்டே ஆடணும், எசமானுக்கு முன்னாடி நிக்கற வேலக்காரன் மாதிரி. அது ஒரு எழுதாத விதி. அந்தச் சிரிப்புக்குப் பின்னாடி என்ன இருந்துச்சுன்னு நாய்ஸ் ஃபங்க் ஷோல சேவியனும் இயக்குனர் ஜார்ஜ் சி. வுல்ஃபும் நேராவே காமிச்சாங்க, ஹாலிவுட்டுக்காக இளிச்சுக்கிட்டு ஆடுற ஒரு பாத்திரத்த கேலியா மேடைல விட்டாங்க. ஆக அவரு தலைய குனிஞ்சு ஆடுறது ஆணவம் இல்ல ரமேஷ், நூறு வருஷமா மாட்டி விட்ட ஒரு முகமூடிய கழட்டி வைக்கிறது.

அதே சமயம் அந்தக் கேலில எனக்கு முழுச் சம்மதம் கெடையாது. பில் ராபின்சன், போஜாங்கிள்ஸ்னு சொல்வாங்களே, அவர மனசுல வச்சுத்தான் அந்தப் பாத்திரம். கறுப்பர் தனியா மேடையேறக் கூடாதுன்னு வாடவில்ல இருந்த பழக்கத்த ஒடச்சவரு அவரு. படிக்கட்டுல ஏறி எறங்கி ஆடற ஆட்டம், ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு சத்தம், மரஅடி ஷூ போட்டுக்கிட்டு முன்பாதத்துலயே நின்னு ஆடுவாரு, ஒரு சத்தம் கூட மங்காது. அவரு பொறந்த மே 25தான் இன்னிக்கு அமெரிக்கால டாப் டான்ஸ் தினம், 1989ல சட்டமாவே போட்டாங்க. அவரு சிரிச்சாரு, ஆனா அந்தக் காலு சிரிப்புக்குக் கட்டுப்பட்டு ஆடினதில்ல.

அவருக்கு அடுத்து ஜான் பபிள்ஸ் வந்து குதிகால எறக்கினாரு. வேகத்த பாதியா கொறச்சு, கெடச்ச எடத்துல குதிகால் சத்தத்தப் போட்டு நெரப்பினாரு. இன்னிக்கு மணி சார் தொப்பின்னு சொல்றாரே அது டாப்புக்கு வந்தது இவரால. இவங்கல்லாம் நியூ யார்க்ல கறுப்பின மக்கள் பகுதியான ஹார்லெம்ல ஹூஃபர்ஸ் கிளப்னு ஒரு சின்ன பின்கட்டு ரூம்ல கூடுவாங்க, ஒரு பழைய பியானோ, தேஞ்ச தரை. அங்க ஒரே சட்டம்தான், அடுத்தவன் ஸ்டெப்ப அச்சு அசலா காப்பியடிக்கக் கூடாது. எடுத்துக்கலாம், ஆனா உன்னோடதா மாத்திட்டுத்தான் திருப்பிக் குடுக்கணும். இந்தக் கலைல மனோதர்மம் எங்கேருந்து வந்துச்சுன்னா அந்த ரூம்லேருந்து.

டொரன்டோ_தர்சினி:
பழையபேப்பர் அண்ணா, வாசிச்சு முடிய கண் கலங்கிட்டுது. முரசைப் பறிச்ச கதை எனக்குத் தெரியாது.

நான் ஒரு தாயா கதைக்கிறன். என்ர மகள் இஞ்ச நாலு வருசமா டாப் படிக்கிறா. முந்திப் போன வகுப்பில முழுக்கப் போட்டிக்கான ஆட்டம்தான், ஒரு பாட்டு, ஒரே ஸ்டெப், பத்துப் பிள்ளையளும் ஒரே மாதிரி, மினுங்குற உடுப்பு. பிள்ளை வடிவாத்தான் ஆடினவள். பிறகு வேற ஒரு ஆசிரியரிட்ட மாத்தினம். அவர் முதல் நாளே எல்லாரையும் வட்டமா நிக்க வைச்சு, ஆளுக்கு எட்டு எண்ணிக்கை, என்ன வேணுமெண்டாலும் செய் எண்டிட்டார். என்ர மகள் அழுதே போட்டாள். நாலு வருசம் படிச்ச பிள்ளை, எட்டு எண்ணிக்கை தனிய நிக்க ஏலாமல் அழுதது எனக்குப் பெரிய அதிர்ச்சி.

ஆசிரியர் ஏசேல்ல. அவர் சொன்னது, நீ ஒண்டும் செய்யாட்டிலும் பரவாயில்ல, உன்ர எட்டையும் மனசுக்குள்ள எண்ணிப் போட்டு அடுத்த ஆளுக்குக் குடு. ரெண்டு கிழமை அவள் சும்மா நிண்டு எண்ணினாள். மூண்டாம் கிழமை கடைசி எண்ணிக்கையில ஒரு தட்டு. நந்தினி அக்கா சொன்ன அந்த வயசான அம்மான்ர ஒரு தட்டை வாசிக்கேக்க எனக்கு உதுதான் ஞாபகம் வந்தது. இப்ப அவள் சமையலறையில சட்டி கழுவேக்கயும் காலால கதைச்சுக்கொண்டு நிக்கிறாள், கீழ் வீட்டுக்காரர்தான் பாவம்.

சவுண்ட்_செல்வம்:
நான் லைவ் சவுண்ட் வேல பாக்குறவன், அதனால யாரும் தொடாத ஒண்ண சொல்றேன். சத்தம்தான் எல்லாம்னு சொல்றீங்க, அந்தச் சத்தம் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரணும்ல.

பல வருஷம் முன்ன ஒரு விழாவுக்கு வெளிநாட்டு டான்ஸ் குழு வந்துச்சு, அதுல ஒருத்தர் டாப். ஹால் பேரு வேணாம். மேடை கருங்கல்லு, மேல கார்ப்பெட். நிர்வாகத்துக்கிட்ட மரப்பலக கேட்டா மேடை அழகா இருக்கே எதுக்கு பலகன்னு கேட்டாங்க. கடைசில ரெண்டு ப்ளைவுட்ட கொண்டாந்து கல்லு மேல அப்படியே போட்டாங்க. நான் அனுபவம் இல்லாம நம்ம டான்ஸ் ப்ரோக்ராமுக்கு வைக்கற மாதிரி முன்னாடி ரெண்டு ஸ்டாண்டு மைக் வச்சுட்டேன். பேண்ட் ஆரம்பிச்சதும் மைக் பூரா ட்ரம்ஸ் சத்தம், காலு கேக்கவே இல்ல. ஏத்தினா ஊளை. அந்தாளு ஆடி முடிச்சுட்டு எறங்கறப்ப மொகத்துல இருந்த வருத்தம் எனக்கு மறக்காது, ஒரு வயலின்காரருக்கு நரம்பே இல்லாத வயலினக் குடுத்தா எப்படி இருக்கும், அது.

அப்புறம் தேடித் தேடிக் கத்துக்கிட்டேன். கல்லு காங்கிரீட் மேல ஆடுனா சத்தமும் செத்துரும் முழங்காலும் போயிரும். பலகைக்கு அடில கட்டை குடுத்துத் தூக்கி, உள்ள காத்து இருக்கணும், மேப்பிள் ஓக் மாதிரி கெட்டி மரமா இருந்தா நல்லது. மைக்க பலகைக்கு அடில வைக்கணும், இல்லன்னா தரையோட ஒட்டின தட்டை மைக். ஆடறவங்களுக்குக் கேக்கறதுக்காக மேடைல வைக்கற மானிட்டர் ஸ்பீக்கர பலகைக்கு நேரா திருப்பக் கூடாது, பாஸ் சத்தத்துக்கு பலகையே அதிர ஆரம்பிச்சுரும். பெரிய ஆளுங்க தன்னோட பலகையோடயே ஊர் ஊரா போறது பந்தாவுக்கு இல்ல. அவங்களுக்கு வாத்தியத்துல பாதி காலுல இருக்கு, பாதி தரைல இருக்கு.

கதிர்_மடிப்பாக்கம்:
என்னங்க இது, நான் ஒரு பெங்குவின்ல ஆரம்பிச்சேன் நீங்க எங்கயோ கொண்டு போயிட்டீங்க. எல்லாருக்கும் நன்றி.

செல்வம் அண்ணே நீங்க சொன்னதும் ஒரு சந்தேகம். காலு வாத்தியம்னா ரெக்கார்டு போட்டிருக்கணுமே, கண்ணே இல்லாம வெறும் சத்தமா யாராவது ஆல்பம் பண்ணியிருக்காங்களா?

பழையபேப்பர்:
பண்ணியிருக்காரு கதிர். பேபி லாரன்ஸ், பால்டிமோர்காரரு, 1921ல பொறந்தவரு. டான்ஸ்மாஸ்டர்னு ஒரு முழு எல்பி இசைத்தட்டு, பேண்டோட இவரு காலு. சார்லி பார்க்கரோட சாக்ஸபோன், ஆர்ட் டேட்டமோட பியானோ, அதையெல்லாம் காலுக்குக் கொண்டு வந்தவரு. ஜாஸ் ட்ரம்மர்கள் பலபேர் அவருகிட்ட காது குடுத்துக் கேட்டவங்க. சொல்லப் போனா கவுண்ட் பேஸி பேண்டோட ஜோ ஜோன்ஸ் மாதிரி பெரிய ட்ரம்மர்களே டாப் ஆடிட்டு அப்புறம் ட்ரம்ஸுக்கு வந்தவங்கதான். யாருகிட்டேருந்து யாரு எடுத்தாங்கன்னு பிரிக்கவே முடியாது.

ஆனா அந்தத் தலமொறைக்கு நடந்தது கொடும. 1944ல டான்ஸ் நடக்கற கிளப்புக்கெல்லாம் 30 சதவீதம் கேளிக்கை வரி போட்டாங்க, அப்புறம் 20 ஆக்கினாங்க. முதலாளிங்க டான்ஸரத் தூக்கிட்டு வாத்தியம் மட்டும் போதும்னுட்டாங்க. பிராட்வேல பாலே மோகம் வந்துச்சு, பெரிய பேண்டுங்க கலைஞ்சுச்சு. 50கள்ல டாப் ஆடி சோறு திங்க முடியாத நெலம. சக் கிரீன்னு ஒரு மேதை, பதினஞ்சு வருஷம் போல மனநல மருத்துவமனைல இருந்தாரு. ஜிம்மி ஸ்லைட், பேருக்கு ஏத்த மாதிரி பலகைல வழுக்கிக்கிட்டே தாளம் போடுவாரு, சின்ன வயசுல வயலின் படிச்சவரு, பாரிஸுக்குப் போயி காலந்தள்ளினாரு. 1962 நியூபோர்ட் ஜாஸ் விழால பேபி லாரன்ஸ், பன்னி பிரிக்ஸ், ஹோனி கோல்ஸ், பீட் நூஜென்ட் நாலு பேரையும் மேடையேத்தினப்புறம்தான் ஜாஸ் ஜனங்க திரும்பிப் பாத்தாங்க. 1965ல டியூக் எலிங்டன் சான் ஃபிரான்சிஸ்கோல ஒரு பெரிய சர்ச்சுக்குள்ள தன் பேண்ட வாசிக்க வச்சு, பன்னி பிரிக்ஸ ஆட வச்சாரு. தாவீது ராசா கர்த்தருக்கு முன்னால ஆடினாருன்னு பைபிள்ல வருமே, அந்த வரிக்கு.

சேவியன் இந்தப் பெரியவங்க மடில வளந்த புள்ள. நாய்ஸ் ஃபங்க்ல ஒரு கட்டம் இருக்கு, சுத்தி கண்ணாடிங்க, நடுவுல அவரு ஒண்டியா. அவரு குரல் பதிவுல ஓடும், கிரீன் இப்படி ஆடுவாரு, சேனி இப்படி, பஸ்டர் (பஸ்டர் பிரவுன், அவரும் ஒரு டாப் பெரியவர்) இப்படி, ஸ்லைட் இப்படின்னு ஒவ்வொருத்தரயா சொல்லச் சொல்ல கால் அவங்களா மாறிக்கிட்டே போகும். குருவந்தனம்தான் அது, வேற பேரு எனக்குத் தெரியல.

சலங்கை_உமா:
நான் பரதம் சொல்லிக் குடுக்கறேன். மணி சார் பேடில் அண்ட் ரோல்னு எழுதினத படிச்சுட்டு எழுந்து செஞ்சு பாத்தேன், எங்க குதித்து மெட்டு அடவுல முன்பாதத்துல குதிச்சு குதிகாலத் தட்டுறோமே, அதே தசைதான் வேலை செய்யுது. ஆனா வெறுங்காலுக்கும் தகட்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. வெறுங்கால்ல தப்பு பண்ணினா சலங்கை கொஞ்சம் மறைச்சுடும், தகடு எதையும் மறைக்காது.

இந்தியாவோட நேரா ஒரு தொடர்பு இருக்கு, சொல்றேன். நாய்ஸ் ஃபங்க்ல சின்ன வயசுலயே ஆடின ஜேசன் சாமுவேல்ஸ் ஸ்மித், 2004ல அமெரிக்கன் டான்ஸ் ஃபெஸ்டிவலுக்குப் போறாரு. அங்க கொல்கத்தால பொறந்து கலிஃபோர்னியால இருந்த கதக் குரு பண்டிட் சித்ரேஷ் தாஸ். ஒருத்தருக்கு இருபதுகள், இன்னொருத்தருக்கு அறுபது. ஒருத்தர் ஆட்டம் இன்னொருத்தருக்குப் புதுசு, தாளம் மட்டும் பொது. ஒருத்தர் தட்டினத மத்தவர் திருப்பித் தட்ட, அது வளந்து இந்தியா ஜாஸ் சூட்ஸ்னு ஒரு மேடை நிகழ்ச்சியாவே ஆச்சு, இந்தப் பக்கம் தபலா சாரங்கி, அந்தப் பக்கம் பியானோ பாஸ் ட்ரம்ஸ். பல வருஷம் ஊர் ஊரா ஆடினாங்க, இந்தியாவுக்கும் வந்தாங்க. தாஸ் 2015 ஜனவரில காலமாயிட்டாரு. அந்த வீடியோல எனக்குப் புடிச்சது வேகம் இல்ல. தாஸ் ஒரு திஹாய், அதாவது ஒரே சொற்கட்ட மூணு முறை சொல்லி, மூணாவது முறை சமத்துல (தாளத்தோட மொத அடில) வந்து நிக்கறப்போ, ஜேசன் ஆடாம நின்னு தலைய ஆட்டி ரசிக்கிறாரு பாருங்க, அதுதான்.

இன்னொரு விஷயமும் எழுதியே ஆகணும். இந்த இழைல இதுவரைக்கும் வந்த பேரெல்லாம் ஆம்பளைங்க. டயான் வாக்கர்னு ஒருத்தங்க, பிளாக் அண்ட் ப்ளூல ஆடினவங்க, சேவியன் தலமொறையே அவங்கள குருவா மதிக்குது. டோர்மீஷியா நாய்ஸ் ஃபங்க்ல ஆம்பளைங்க கூட்டத்துல ஆடினாங்க, மைக்கேல் ஜாக்சனுக்கு பல வருஷம் டாப் சொல்லிக் குடுத்தவங்களும் அவங்கதான். அயோடெலே கசெல் சேவியனோட குழுல இருந்த ஒரே பொண்ணு. 2021ல அமெரிக்க தபால் துறை டாப் டான்ஸுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டப்போ ஆடுற அஞ்சு பேர்ல இவங்க ரெண்டு பேரும் இருந்தாங்க. அயோடெலே பத்தி தனி இழையே போடலாம்.

நியூஜெர்சி_நந்தினி:
உமா மேடம் இத யாராவது சொல்ல மாட்டாங்களான்னு காத்திட்டிருந்தேன். என் ஜாம் அம்மா பேரு தெரியாமயே போயிடுச்சு, இப்ப அது உறுத்துது.

ரசிச்சு நிக்கறதுன்னு சொன்னீங்களே, இன்னொண்ணு பாருங்க எல்லாரும். 1989ல சாமி டேவிஸ் ஜூனியர்ங்கற புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர், டாப் டான்ஸருக்கு அறுபது வருஷ மேடை வாழ்க்கைக்காக டிவில ஒரு பெரிய விழா எடுத்தாங்க. தொண்டைல கேன்சர், அவரால பாட முடியாத நெலம. கிரெகரி ஹைன்ஸ் ஆடிட்டு சாமிய மேடைக்குக் கூப்பிடறாரு. டாப் ஷூ வருது, சாமி அங்கயே போட்டுக்கறாரு. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் மாறி மாறி ஆடறாங்க. உடம்பு அவ்ளோ மெலிஞ்சிருந்தாலும் காலு தெளிவா பேசுது. முடிச்சதும் ஹைன்ஸ் குனிஞ்சு அந்த ஷூவுக்கு முத்தம் குடுக்கறாரு. அடுத்த மே மாசம் சாமி போயிட்டாரு. அன்னிக்கு அவங்க ஆடினதுல பெருசா ஸ்டெப்பே இல்ல. ஒரு பெரியவர் விட்ட எடத்த சின்னவர் நெரப்பாம விட்டு வச்சாரு, அதத்தான் நான் திரும்பத் திரும்ப பாக்கறேன்.

ரமேஷ்_பொள்ளாச்சி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. மூணு நாளா இழைய படிச்சுட்டு மட்டும் இருந்தேன், எழுதறதுக்கு முன்னாடி மணி சார் சொன்னத செஞ்சு பாத்துரலாம்னு.

நேத்து ராத்திரி சேவியன் ஜாஸ் பேண்டோட ஆடற ஒரு வீடியோ போட்டு, போன கவுத்து வச்சுட்டேன். பாக்கல, கேக்க மட்டும் செஞ்சேன். கையில 128 எண்ணிட்டே வந்தேன். மொத ரெண்டு சுத்து தப்பிட்டேன், மூணாவது சுத்துல புடிச்சிட்டேன், அந்த மூணாவது பகுதில மெட்டு மாறறப்ப அவரு சத்தமும் மாறுச்சுங்க, குதிகால் கொறஞ்சு வெறும் முன்பாதம் மட்டும், மழை சாரல் மாதிரி. திரும்ப பழைய மெட்டு வர்றப்ப குதிகால் எறங்குச்சு. அப்புறம் ட்ரம்மரோட மாத்தி மாத்தி ஆரம்பிச்சாங்க. ஒரு எடத்துல ட்ரம்மர் கடைசி அடிய வேணும்னே போடாம வுட்டாரு, இவரு அந்த வுட்ட அடில இருந்தே ஆரம்பிச்சாரு. நான் கட்டில்ல எந்திரிச்சு உக்காந்துட்டேன். சம்சாரம் என்னாச்சுன்னு கேட்டா.

பழையபேப்பர் அய்யா எழுதுனத படிச்சதுக்கப்புறம் அந்தச் சிரிப்பு பத்தி நான் கேட்டது எனக்கே சங்கடமா இருக்குதுங்க. அஸ்டேர் எனக்கு இன்னும் புடிக்கும், அது அப்பா குடுத்தது. ஆனா இது வேற, இது கச்சேரி. மணி சார், அந்த பேபி லாரன்ஸ் எல்பில எந்தப் பக்கம் மொதல்ல கேக்கலாம்?

வலந்தலை_மணி:
ரமேஷ், நானே இன்னும் கேக்கல, பழையபேப்பர் சொல்லித்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை காலைல கேக்கப் போறேன், நீங்களும் எங்க வீட்டுக்கு வர முடிஞ்சா வாங்க, இல்ல போன்ல சேர்ந்து கேப்போம். தாளம் போட ஒரு கை கூட இருந்தா நல்லது, ஸ்விங் நடை திஸ்ரத்துல நடு அடிய முழுங்கினா மாதிரி போகும், தனியா போட்டா எனக்கு இன்னும் நழுவுது.

டொரன்டோ_தர்சினி:
ஞாயிறு காலை எண்டால் எங்களுக்கு சனி இரவு. மகளும் கேக்கப் போறாளாம், என்னையும் சேருங்கோ.